மூன்று குப்பி கருப்புப் பொடியும் ஒரு டெஸ்டிங் கம்பெனியும்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்றரை, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வந்து "மேடம், எந்தப் பக்கம் பாக்கணும், சொல்லுங்க" என்று கேட்ட மைக்ராஸ்கோப் ஆபரேட்டருக்கு மட்டும். மீதி ஒன்றரைதான் கம்பெனிக்கு, அதுவும் ஐசிபி (பொடியில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) ரிசல்ட் ஒழுங்காக வந்ததால். பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதே மாதிரி "சாம்பிள் அனுப்புங்க, ரிப்போர்ட் வாங்குங்க" என்று வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிற சேவைகள் நிறைய இருக்கின்றன, நான் எழுதுவதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியலில் பிஎச்டி செய்கிறேன். எங்கள் லேபில் டியூப் ஃபர்னஸ் ஒன்று, எலக்ட்ரோகெமிக்கல் வொர்க்ஸ்டேஷன் ஒன்று, சுழலும் டிஸ்க் எலக்ட்ரோடு, எஃப்டிஐஆர், அப்புறம் மனசு வந்தால் ஓடும் ஒரு எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிகங்களைக் கண்டுபிடிக்கும் கருவி), அவ்வளவுதான். மெட்ரோ நகரத்து ஐஐடிகளில் மாடி இறங்கினால் டெம் என்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கும். நமக்கு எல்லாமே கூரியர். அதனால்தான் இந்த விமர்சனம், நம்ம ஊர்ப் பக்கம் இதே நிலையில் இருக்கிறவர்களுக்காக.

நான் அனுப்பிய சாமான் என்னவென்று சொன்னால்தான் மீதி புரியும். திசையன்விளையில் ஆச்சி வீட்டில் பனங்கிழங்குக் குழியைத் தோண்டும்போது கொட்டையைப் பிளந்து தவுனைத் தின்றுவிட்டு ஓட்டை அடுப்புக்குப் போடுவோம். அந்த ஓட்டில் ஒரு சாக்கு லேபுக்கு வந்தது. அதைக் கரியாக்கி, இரும்பு குளோரைடும் மெலமைனும் சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 900 டிகிரியில் சுட்டு, ஆசிடில் கழுவி எடுத்தால் ஒரு கருப்புப் பொடி. கரித்தளத்தில் நைட்ரஜன்கள் கட்டிப் பிடித்த ஒவ்வொரு இரும்பு அணுவும் தனித்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் ஆசை. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்குள் நாலு நைட்ரஜனுக்கு நடுவில் ஒரு இரும்பு உட்கார்ந்து ஆக்சிஜனைப் பிடிக்கிறதே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. எரிபொருள் செல்லில் ஆக்சிஜனை நீராக்க இப்போது பிளாட்டினம் வேண்டும், அதற்குப் பதில் இது.

யோசனை பழையதுதான். 1964-லேயே ஜாசின்ஸ்கி என்பவர் கோபால்ட் தாலோசயனின் என்ற சேர்மம் ஆக்சிஜனை ஒடுக்குகிறது, அதாவது அதற்கு எலக்ட்ரான் ஏற்றுகிறது என்று காட்டிவிட்டார். "ஒற்றை அணு வினையூக்கி" என்ற பெயர் பிரபலமானது 2011-ல், சீனாவில் டாலியனில் ஜாங் டாவோ குழுவினர் இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தைத் தனித்தனி அணுவாக உட்காரவைத்து கார்பன் மோனாக்சைடை எரித்துக் காட்டிய பிறகு. அதற்கப்புறம் தடுக்கி விழுந்தால் ஒற்றை அணு என்று ஆகிவிட்டது. பேப்பர் போட வேண்டுமானால் "அணு தனியாகத்தான் இருக்கிறது" என்று நிரூபிக்கும் படம் வேண்டும். அந்தப் படத்துக்குத்தான் இந்தச் சந்தை.

சரி, கூரியர். ஆபீஸ் அண்ணாச்சி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது என்னது தாயி, வெடிமருந்தா? நான் சிவகாசிப் பக்கம் வேலை பாத்தவன். கருப்புப் பொடின்னா எடுக்க மாட்டேன்." பனங்கொட்டைக் கரி அண்ணாச்சி என்றேன். "கரியை எதுக்கு இவ்வளவு பத்திரமா அனுப்புதே?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தார். நீங்களும் கடிதத்தை முன்கூட்டியே எடுத்துப் போங்கள், ஒரு நடை மிச்சம்.

குப்பி மூன்று அனுப்பினேன், இங்கேதான் கொஞ்சம் குசும்பு. ஒன்றாம் குப்பியிலும் இரண்டாம் குப்பியிலும் இருந்தது ஒரே பொடி, பெயர் மட்டும் வேறு. மூன்றாம் குப்பியில் இரும்பே சேர்க்காமல் சுட்ட வெறும் கரி. இதை யாரிடமும் சொல்லவில்லை. என் கைடு சாரிடம்கூட அப்புறம்தான் சொன்னேன், "ஏம்மா, துட்டு மரத்துலயா காய்க்குது?" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே.

ஐசிபி-யில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இரும்பின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது, எடையில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மூன்றில் இரும்பு கொஞ்சூண்டு இருந்தது, அதுவும் சரிதான், செம்மண் தேரியில் வளர்ந்த பனையின் கொட்டையில் இரும்பே இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பிரிவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். ஆறாம் நாளே ரிசல்ட் வந்தது, கழித்துப் பார்த்த பிளாங்க் அளவையும் கேட்காமலே கொடுத்திருந்தார்கள்.

எக்ஸ்பிஎஸ்-தான் முதல் சொதப்பல். எக்ஸ் கதிரை விட்டு, மேற்பரப்பில் எந்த அணு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. எடையில் ஒரு சதவீத இரும்பு என்றால் அணு எண்ணிக்கையில் 0.2 சதவீதம்தான் தேறும், ஏனென்றால் இரும்பு அணு கார்பனைவிட நாலரை மடங்கு கனம். அந்த அளவுக்கு வருகிற சிக்னல் வானொலியில் ஸ்டேஷன் விலகினால் வரும் இரைச்சல் மாதிரிதான் இருக்கும். அந்த இரைச்சலுக்குள் இவர்கள் ஐந்து மலைகளை வரைந்து, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வண்ணம் பூசி, இது இரண்டு மின்னூட்ட இரும்பு, இது மூன்று, இது நைட்ரஜனோடு சேர்ந்த இரும்பு என்று பெயரும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொடியான ஒன்றாம் இரண்டாம் குப்பிகளுக்கு அந்த மலைகளின் விகிதம் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. ஃபோனில் கேட்டால் "சர்ஃபேஸ் வேரியேஷன் மேடம்" என்கிறார்கள். சர்ஃபேஸும் இல்லை, ஒன்றும் இல்லை, மவுஸ் பிடித்த கையின் வேரியேஷன்.

இனி மைக்ராஸ்கோப். காசு இல்லாததால் ஒன்றாம் குப்பிக்கும் மூன்றாம் குப்பிக்கும் மட்டும் ஸ்டெம் (தனி அணுவையே காட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) கேட்டிருந்தேன். பிழை திருத்திய லென்ஸ் உள்ள கருவி, இருண்ட பின்னணியில் கனமான அணு பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்தப் படத்தில் வெளிச்சம் அணு எண்ணின் கிட்டத்தட்ட இருமடிப்படி ஏறும். கார்பன் 6, இரும்பு 26. கரும்பலகையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. ஆச்சி வீட்டு அடுப்புக்குப் போக வேண்டிய ஓட்டில் ஒவ்வொரு அணுவாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆபரேட்டர்தான் பேச்சை நிறுத்திவிட்டு, "மேடம், பயோமாஸ் கரியா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்போ கால்சியம் இருக்குமே, பொட்டாசியமும் இருக்குமே" என்றார். கால்சியம் 20, பொட்டாசியம் 19. படத்தில் ஒரு புள்ளி இரும்பா கால்சியமா என்று வெளிச்சத்தை மட்டும் வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று புள்ளிக்குப் புள்ளி பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, அதில் இரும்புக்கும் கால்சியத்துக்கும் வேறு வேறு இடத்தில் கோடு வரும். பேக்கேஜில் இல்லாத அந்த வேலையை அவராகவே இரண்டு மூன்று இடத்தில் செய்து காட்டினார். இரும்பு இருந்தது, பக்கத்தில் நைட்ரஜனும் இருந்தது. கால்சியமும் இருந்தது!

அதே காலில் இன்னொன்றையும் காட்டினார். ஒரு ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி கார்பன் அடுக்குகள் சுற்றிய ஒரு உருண்டை, உள்ளே இரும்போ இரும்பு கார்பைடோ. ஆசிடில் கழுவினாலும் இது போகாது, கார்பன் உறை போட்டுப் படுத்திருப்பதால் ஆசிட் உள்ளே நுழையாது. நம் எக்ஸ்ஆர்டியிலும் தெரியாது, அளவு குறைவாகவோ ரொம்பச் சின்னதாகவோ இருந்தால் எக்ஸ்ஆர்டி கண்ணுக்கு அது இல்லாத மாதிரிதான். நாலு நாள் கழித்து கம்பெனி அனுப்பிய பிடிஎஃப்பில் பன்னிரண்டு படங்கள், எல்லாவற்றிலும் அழகான புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வட்டம். அந்த உருண்டைப் படம் மட்டும் இல்லை. கேட்டேன். "எல்லாரும் புள்ளி இருக்கிற படம்தான் கேப்பாங்க மேடம், அதான்" என்று பதில். ஆபரேட்டர் தனியாக ஃபைலை அனுப்பிவைத்தார், புண்ணியவான்.

உச்சக்கட்டம் மூன்றாம் குப்பி. இரும்பே போடாத கரி. அதன் ரிப்போர்ட்டின் கடைசி வரியும் "தனித்தனி இரும்பு அணுக்கள் பரவியிருப்பது உறுதி செய்யப்படுகிறது" என்றே முடிந்தது. கால்சியத்துக்கு மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறார்கள், வேறென்ன.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். நான் அனுப்பியது 10 மில்லிகிராம். கிராமுக்கு 500 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால் அந்தச் சிட்டிகைக்குள் 5 சதுர மீட்டர், ஒரு சின்ன அறையின் தரை. ஒரு படம் காட்டுவது 20 நானோமீட்டருக்கு 20 நானோமீட்டர். இரும்பு அணுக்கள் அந்தச் சிட்டிகையில் 1-க்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணிக்கை, படத்தில் நான் எண்ணியது நாற்பது. தாமிரபரணியில் கை விட்டு நாலு மணலை எடுத்துப் பார்த்துவிட்டு ஆறு முழுக்க மணல் இப்படித்தான் என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் மொத்தப் பொடியையும் சேர்த்துப் பார்க்கிற எக்ஸாஃப்ஸ் வேண்டியிருக்கிறது.

எக்ஸாஃப்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதை வைத்து ஆழத்தை மட்டுக்கட்டுவோமே, அந்த வேலைதான். 7112 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய எக்ஸ் கதிரை விட்டால் இரும்பின் உள்கூட்டு எலக்ட்ரான் கிளம்பும், அதன் அலை பக்கத்து அணுக்களில் மோதித் திரும்பும், உறிஞ்சல் கோட்டில் சிற்றலையாகத் தெரியும். அந்தச் சிற்றலையைக் கணக்கால் பிரித்தால் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று வரும். படத்தில் 1.5 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் மேடு வந்தால் நைட்ரஜன், 2.2 பக்கத்தில் வந்தால் இன்னொரு இரும்பு, அதாவது அணு தனியாக இல்லை, கூட்டணி வைத்திருக்கிறது. திருத்தம் போடாத தூரம் இது, நிஜத்தில் இரண்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி.

இதைக் கம்பெனி நேரடியாகச் செய்வதில்லை, எங்கோ வெளியே கொடுத்து வாங்குகிறார்கள், ஒன்றாம் குப்பிக்கு மட்டும் என் ஒரு மாத உதவித்தொகை முழுசும் போனது. 41 நாள் கழித்து வந்தது. 2.2-ல் மேடு இல்லை, சந்தோஷம். "ஒருங்கிணைப்பு எண் 4.0", அதாவது ஒரு இரும்பைச் சுற்றி நாலு அணு என்று போட்டிருந்தார்கள், பக்கத்தில் பிழை அளவு இல்லை. இந்த எண்ணில் பத்து முதல் இருபது சதவீதம் வரை முன்னே பின்னே இருப்பது சாதாரணம், நாலு என்றால் மூன்றரையாகவும் இருக்கலாம், நாலே முக்காலாகவும் இருக்கலாம், அந்த ஐந்தாவது கை ஒரு ஆக்சிஜனாக இருந்தால் கதையே வேறு. போதாக்குறைக்கு நைட்ரஜனா, கார்பனா, ஆக்சிஜனா என்று எக்ஸாஃப்ஸால் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் பக்கத்துப் பக்கத்து அணு எண், எதிரொலி ஒரே மாதிரி இருக்கும். பொருத்தும்போது ஒரு எண்ணை ஏற்றி இன்னொன்றை இறக்கிச் சரிக்கட்டவும் முடியும், அதனால்தான் இரும்புத் தகட்டின் அளவை வைத்து ஒரு எண்ணைக் கட்டிப்போட வேண்டும். கட்டினார்களா என்று கேட்டேன், பதில் இல்லை. மூல டேட்டாவும் தரவில்லை, படம்தான் தந்தார்கள். மூன்று மெயில் போட்டு வாங்கி, அத்தீனா என்கிற இலவச மென்பொருளில் நானே திறந்து பார்த்தேன். ஒரு ராத்திரி போனது, ஆனால் அந்த ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டது ரிப்போர்ட்டின் முப்பது பக்கத்தைவிட அதிகம். முப்பது பக்கத்தில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் "இதனால் கோபால்ட் அணுக்கள் தனித்து இருப்பது தெளிவாகிறது" என்று இருந்தது. என் பொடியில் கோபால்ட் கிடையாது. வேறு யாருடைய ரிப்போர்ட்டின் மேலேயோ என் எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாகவே செய்திருந்தாலும் ஒரு விஷயம் பாக்கி. பேக்கேஜ் பெயரே "செயல் மையக் கட்டமைப்பு கண்டறிதல்" என்று விளம்பரத்தில் இருக்கிறது. செயல் மையம் என்றால் வேலையை நிஜமாகவே செய்கிற இடம். நம்ம ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்தவர் எல்லாரும் இழுக்கிறவர் இல்லை. செல்ஃபிக்குத் தொட்டவர் இருக்கிறார், கூட்டம் தள்ளியதில் வந்து ஒட்டிக்கொண்டவர் இருக்கிறார். பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறவர் வடத்தைத் தொடவே இல்லை, அவர் இல்லாவிட்டால் தேர் இம்மி அசையாது. எக்ஸாஃப்ஸ் வடத்தில் இருக்கிற எல்லாக் கையையும் கூட்டி சராசரி சொல்லும். நூற்றில் மூன்று நான்கு பேர் வேறு மாதிரி இருந்தால் அந்தச் சராசரியில் அமுங்கிப் போவார்கள். என் வெங்காயத்தோல் உருண்டை அப்படித்தான் 2.2-ல் தலைகாட்டாமல் ஒளிந்திருக்கிறது. தவிர, இவர்கள் எடுத்த எல்லாமே தேர் நிலையில் நிற்கும்போது எடுத்த போட்டோ. காய்ந்த பொடி, காற்றில். ரத வீதியில் ஓடும்போது எப்படி இருக்கும் என்று இதில் எங்கே தெரியும்?

இது என் கற்பனைப் பயம் இல்லை. தாமிரத்தைத் தனி அணுவாக வைத்த வினையூக்கிகள் கார்பன் டையாக்சைடை ஒடுக்கும்போது, மின்னழுத்தம் கொடுத்த நிலையிலேயே எக்ஸ் கதிரில் பார்த்தால், அந்தத் தனி அணுக்கள் ஒன்றுகூடி சின்னச் சின்ன உலோகக் கொத்துகளாகின்றன. வேலை முடிந்து காற்றுப் பட்டதும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி பழையபடி தனித்தனியாக உட்கார்ந்துகொள்கின்றன. 2018, 2019 வாக்கில் வந்த ஆய்வுகள் இவை. முன்னாலும் பின்னாலும் மட்டும் பார்த்தவன் "ஒற்றை அணுதான் வேலை செய்தது" என்று எழுதியிருப்பான். இரும்பிலும் 2021-ல் ஜாவென் குழுவினர் மாஸ்பவர் முறையில் (இரும்பின் அணுக்கருவைக் காமா கதிரால் பார்ப்பது) பார்த்து, இரும்பு-நைட்ரஜன் இடங்களில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று எரிபொருள் செல் ஓட ஓட இரும்பு ஆக்சைடாக மாறிப்போகிறது, மற்றது தாக்குப்பிடிக்கிறது என்று காட்டினார்கள். இரண்டுமே எக்ஸாஃப்ஸ் சராசரியில் "நைட்ரஜன், ஏறக்குறைய நாலு"தான். மாஸ்பவர் இந்தக் கம்பெனியில் இல்லை. இருந்தாலும் அதில் தெரிகிற 57 நிறை இரும்பு இயற்கை இரும்பில் சுமார் 2 சதவீதம்தான், என் பொடியில் இரும்பே ஒரு சதவீதம், நாள்கணக்கில் ஓட்டினால்தான் ஏதாவது தேறும்.

ஆகவே இவர்களுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை மிச்சம் பிடித்து நம் லேபிலேயே செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பொட்டாசியம் தயோசயனேட் என்பேன். ஆசிட் கரைசலில் அதைக் கொஞ்சம் விட்டால் வெளியே தெரிகிற இரும்பின் மேல் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். இரும்புதான் வேலை செய்கிறது என்றால் கரண்ட் விழ வேண்டும். கார ஊடகத்தில் இதை நம்பாதீர்கள், அங்கே ஒழுங்காகப் பிடிக்காது. எனக்கு நன்றாகவே விழுந்தது, ஆனால் மூன்றாம் குப்பியின் வெறுங்கரி தருகிற கரண்ட் வரைக்கும் இறங்கவில்லை. நடுவில் எங்கோ நின்றது. அந்த மிச்சம் யாருடைய வேலை, உருண்டையுடையதா, வேறு எதனுடையதா என்பதுதான் இப்போது என் தலைவலி. இதற்கு ஆன செலவு ஒரு மதியச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

இதே சேவைக்கு அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால்: ஐசிபி தைரியமாகக் கொடுங்கள். ஸ்டெம் கொடுங்கள், ஆனால் லைவ் செஷன் கேட்டு வாங்குங்கள், நீங்களே உட்கார்ந்து "ஓரத்துக்குப் போங்க, அசிங்கமான இடத்தைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கட்டாயம் ஒரு வெறும் சாம்பிளைப் பெயர் மாற்றிக் கூட அனுப்புங்கள். எக்ஸ்பிஎஸ்-சுக்கு மூல டேட்டா மட்டும் போதும், மலை வரைவதை நாம் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸாஃப்ஸ் இவர்களிடம் வேண்டவே வேண்டாம். இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, எலக்ட்ரானைச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான், எக்ஸாஃப்ஸுக்கென்றே அங்கே பீம்லைன் உண்டு. முன்மொழிவு எழுதி நேரம் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், நெல்லை ஜங்ஷனில் ஏறினால் இரண்டு நாள் ரயில். எழுதிப் போட்டிருக்கிறேன். நம் பொடி நம் கண் முன்னால் கதிரில் நிற்கும், மின்வேதிச் செல்லை மாட்டி ஓட ஓடப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.

பில், ஜிஎஸ்டி எல்லாம் சுத்தம். ஃபோன் எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், அதில் குறை இல்லை.

பிற்சேர்க்கை: இதை எழுதி வைத்த மறுவாரம் "திருத்திய ரிப்போர்ட்" வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் கோபால்ட் என்ற இடத்தில் இரும்பு என்று மாற்றியிருக்கிறார்கள். எண்கள் அப்படியே இருக்கின்றன, பிழை அளவு இப்போதும் இல்லை. மூன்றாம் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்சப் பொடியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள், கூரியர் அண்ணாச்சிதான் கூப்பிட்டார்: "தாயி, உன் கரி வந்துருக்கு." அரை நட்சத்திரம் குறைத்துவிட்டேன், இரண்டரை. ஆபரேட்டரின் ஒன்றரையில் கை வைக்கவில்லை.